எண் இல்லாத வரி

அத்தியாயம் பதினான்கு

பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டதும், அதன் வயிற்றில் இருந்ததையெல்லாம் சின்னவன் ஒரே நாளில் புதுசுக்கு மாற்றிவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டதும் வரை வந்திருந்தோம். அந்தக் காலர் இறங்கிய நாள் இது.

கீழே பல் செட் செய்கிற பட்டறை, மேலே வீடு. காலையில் அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து மெழுகில் பல் அடுக்கிக்கொண்டிருந்தாள். கணவரின் தம்பி சின்னவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, பட்டறையில் பாலிஷ்காரர் முதல் கிளினிக் டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். கணவர் போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

போன் அடித்தது.

"அண்ணி, டாக்டர் பேசுறேன். இந்தக் கீழ் செட்ட யாரு வாய்க்குப் பண்ணீங்க?"

"பாட்டு டீச்சருக்குத்தான் டாக்டர்."

"பாட்டு டீச்சர் இதோ என் முன்னாடி வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. இது உள்ள போக மாட்டேங்குது. இதப் போட்டா அவங்க பாட வேண்டாம், சிரிச்சாலே கன்னம் கிழிஞ்சிடும்."

"இருக்காது டாக்டர். அவங்க பழைய அச்சு மேலயே வச்சுப் பண்ணதுதான்."

"அப்ப அவங்க தாடை ஒரு வருஷத்துல ஒரு விரற்கடை சுருங்கியிருக்குன்னு சொல்றீங்களா?"

டாக்டர் குரலைத் தாழ்த்தி, "ஐயா இருந்தப்ப இப்படி ஒரு தடவகூட ஆனதில்ல அண்ணி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். திட்டியிருந்தாலும் தேவலை.

பட்டறையின் நடைமுறை எளிது. ஒருவருடைய வாயை அளவெடுத்து வார்த்த பிளாஸ்டர் அச்சின் அடியில் ஓர் எண்ணைக் கீறி அலமாரியில் ஏற்றிவிடுவார்கள். செட் தொலைந்தாலோ உடைந்தாலோ, மறுபடி அளவெடுக்காமல் அதே அச்சின் மேல் இன்னொன்று செய்துவிடலாம். எந்த எண் யாருடையது என்பது கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு வரியாக இருக்கும் டேபிளில், அதாவது அட்டவணையில், இருந்தது. வேலை வந்தால் கம்ப்யூட்டர் ஒரு சீட்டு அச்சடிக்கும். சீட்டில் உள்ள எண்ணைப் பார்த்து அச்சை எடுக்க வேண்டியதுதான். அத்தனையையும் அவள் கணவர் தானே உட்கார்ந்து அமைத்தார்.

அண்ணி பாட்டு டீச்சரின் சீட்டைத் தேடி எடுத்தாள். அதில் இருந்த எண்ணுக்குரிய அச்சை அலமாரியிலிருந்து இறக்கிக் கையில் பிடித்ததுமே தெரிந்துவிட்டது. அகலமான, முரட்டு ஆண் தாடை. முதல் தடவை டீச்சருக்குப் பல் அடுக்கியது அவள்தான்; இந்தத் தடவை சின்னவன். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் அது இதுவல்ல என்று சொல்லிவிடுவாள்.

"தம்பி, உங்களுக்குச் சிரமம் இல்லன்னா கொஞ்சம் இப்படி வர்றீங்களா?"

சின்னவன் கையிலிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தான். அண்ணிக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் கூடவே ஏறும். 'சிரமம் இல்லன்னா' என்கிற அளவுக்கு அவன் இதுவரை பார்த்ததில்லை.

டேபிளைத் திறந்தார்கள். முதல் கட்டத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று மணிமணியாக எண்கள். அடுத்ததில் பெயர்கள். ஆறேழு கட்டம் தள்ளி, வலது ஓரத்தில், 'அச்சு எண்' என்று இன்னொன்று.

"இந்த முதல் கட்டம் எங்கிருந்து வந்துச்சு?"

"அதுவா அண்ணி?" அவன் முகத்தில் கொஞ்சம் பெருமைகூடத் தெரிந்தது. "புதுசுல கொண்டுவந்து போட்டதும் பாக்க மட்டும்தான் விட்டுச்சு. ஒரு எழுத்து எழுத விடல. என்னடான்னு பாத்தா, டேபிளுக்கு பிரைமரி கீ இல்லையாம். மாத்துறப்ப எங்கயோ உதுந்துபோச்சு போல. நானே ஒண்ணு உருவாக்கித் தரட்டுமான்னு அதுவே கேட்டுச்சு. சரின்னேன்."

"அது கேட்டுச்சு. நீங்க சரின்னுட்டீங்க."

"ஆமா. எவ்வளவு மரியாதையான புரோகிராம் பாருங்க."

"எந்த வரிசையில நம்பர் போட்டுச்சு?"

"மேல இருந்து கீழ."

"மேல யாரு இருந்தாங்க?"

"அகர வரிசையில முதல்ல வர்றவங்க. தேட வசதியா இருக்கட்டும்னு எல்லாத்தையும் பேர் வரிசையா மாத்தி..." சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான். வாய் திறந்தபடியே இருந்தது.

பிரைமரி கீ என்பது வேறொன்றுமில்லை. ஒரு வரிக்கு இருக்கிற எண் இன்னொரு வரிக்கு இருக்கக் கூடாது, எந்த வரியும் எண் இல்லாமல் இருக்கக் கூடாது. ஒரே பெயரில் நான்கு பேர் வரலாம். ஆளை அடையாளம் காண கம்ப்யூட்டர் நம்புவது அந்த எண்ணைத்தான். பழைய டேபிளில் அச்சின் அடியில் கீறிய எண்ணே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. சீட்டும் முதல் கட்டத்தில் இருப்பதை எடுத்து அச்சடிக்கும்படி இருந்தது. இப்போது முதல் கட்டத்தில் இருந்ததோ, அகர வரிசையில் யார் எத்தனையாவது ஆள் என்கிற கணக்கு. அதற்கும் அலமாரிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

"அப்ப இந்த வாரம் பூரா அடிச்ச சீட்டு..." என்றான் சின்னவன்.

"அத்தனையும் தப்பு."

சொல்லும்போதுதான் அவளுக்குப் பின்வாசல் ஞாபகம் வந்தது.

பத்து வருஷம் தாண்டிய, ஆள் வராத அச்சுகளை வருஷத்துக்கு ஒருமுறை கழிப்பது வழக்கம். நேற்று அதற்கும் சீட்டு அடித்து, பாலிஷ்காரரும் சின்னவனும் அச்சுகளை எடுத்துச் சாக்குகளில் கட்டிப் பின்வாசலில் அடுக்கியிருந்தார்கள்.

"பாதி நம்பர் அலமாரியிலயே இல்லன்னு பாலிஷ்காரர் சொன்னப்ப நீங்க என்ன சொன்னீங்க தம்பி?"

"இல்லாதத விடுங்க, இருக்கறத எடுங்கன்னேன்."

"கழிவு லாரி எப்ப வருது?"

"மூணு மணிக்கு."

அந்த அலமாரியில் அவள் கணவருடைய அச்சும் இருந்தது. பட்டறை தொடங்கிய புதிதில், வந்திறங்கிய பிளாஸ்டர் மாவு சரியாக உறைகிறதா என்று பார்க்கத் தன் வாயிலேயே அளவெடுத்து வார்த்தது. ஒவ்வொரு வருஷமும் கழிக்கும்போது அதை மட்டும் விட்டுவிடுவார். "நான்தான் இன்னும் தினமும் வந்துக்கிட்டிருக்கேனே" என்பார். அவர் போன பிறகு அவள் அதைத் தேடிப் போகவில்லை. போட்டோவில் வாயை மூடிக்கொண்டு நிற்கிற மனிதர். உடைந்த முன்பல்லோடு அவர் சிரிப்பு அப்படியே இருக்கிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான். ஒரு நாள் எடுத்துக்கொள்ளலாம், அலமாரியை விட்டு எங்கே போய்விடப்போகிறது என்று இருந்துவிட்டாள்.

அவர் பெயரைத் தேடினாள். வரி வந்தது. பெயர் இருந்தது. தேதி இருந்தது. வலது ஓரத்தில் அச்சு எண் இருக்க வேண்டிய கட்டம் துடைத்து வைத்தாற்போல் காலியாக இருந்தது.

"இது எப்படிப் போச்சு?"

"தெரியலியே அண்ணி" என்றான் சின்னவன், திரையைப் பார்க்காமல்.

"சரி. நீங்க அந்தச் சாக்கையெல்லாம் உள்ள இழுத்துட்டு வாங்க. தயவுசெஞ்சு."

*

மாடியிலிருந்து மாமனார் இறங்கி வந்தார். அவருக்கு மகனே செய்துகொடுத்த அருமையான பல் செட் ஒன்று உண்டு. விருந்தாளி வந்தால் மாட்டுவார், போனதும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

"என்னம்மா சத்தம்?"

"உங்க சின்ன மகன் ஊர்ல உள்ள எல்லார் வாயையும் மாத்தி வச்சுட்டார் மாமா."

"அவன் வாய மொதல்ல மாத்தச் சொல்லு" என்றபடி அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுச் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்தார்.

தரையில் பழைய துணியை விரித்துச் சாக்குகளைக் கொட்டினார்கள். வெள்ளையும் மஞ்சளுமாக மேல்தாடை, கீழ்தாடை, நூலால் சேர்த்துக் கட்டிய ஜோடிகள். மாமா ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்து எண்ணைச் சொல்ல, சின்னவன் டேபிளின் வலது ஓரத்துக் கட்டத்தில் அதைத் தேடி, கழிக்க வேண்டியதா இல்லையா என்று சொன்னான். பெரும்பாலும் இல்லை. அலமாரிக்கே திரும்பிப் போக வேண்டியவை.

"இத்தன வாய் ஒரே இடத்துல கூடியும் சத்தமே இல்ல பாரு" என்றார் மாமா. "எந்த வீட்டுலயும் இப்படிப் பாத்ததில்ல."

"மாமா, எண்ண மட்டும் சொல்லுங்க."

"சொல்றேன்மா. நீ கேக்காம விட்டாலும் நான் எதைத் தேடுறேன்னு எனக்குத் தெரியும். முன்பல்லு. ஒம்பது வயசுல சைக்கிள்லேருந்து விழுந்து உடைச்சான். நான்தான் பின்னாடி பிடிச்சிருந்த கைய விட்டுட்டேன்னு அவங்கம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தா."

"விட்டீங்களா?"

"விட்டாத்தானே ஓட்டக் கத்துக்குவான்?"

இதற்கு நடுவே அண்ணி டேபிளைச் சரிசெய்யப் பார்த்தாள். அச்சு எண்ணையே மறுபடி பிரைமரி கீ ஆக்கிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், அப்புறம் இந்தப் புதுக் கட்டத்தைத் தூக்கிக் கடாசிவிடலாம் என்பது அவள் எண்ணம். அமைப்பைத் திறந்து, அச்சு எண்ணைத் தேர்ந்தெடுத்து, சேமிக்கச் சொன்னாள்.

மாட்டேன் என்றது. ஒரே எண் ஒன்றுக்கு மேற்பட்ட வரிகளில் இருக்கிறதாம்.

"அதெப்படி?" என்றாள் அண்ணி. இரட்டை எண்களை மட்டும் தனியே எடுத்துக் காட்டச் சொன்னாள். ஜோடி ஜோடியாக வந்து நின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் பழைய ஆள், இன்னொருவர் இந்த வாரம் வந்த புது ஆள்.

"தம்பி, புதுசா வந்தவங்களுக்கு அச்சு எண் எப்படிப் போட்டீங்க?"

"முன்ன அதுவே போட்டுக்கும். இப்ப போடல. அதான் நானே போட்டேன். கடைசி வரியில என்ன நம்பர் இருந்துச்சோ அதுக்கு அடுத்ததுலேருந்து."

"கடைசி வரியில யாரு இருந்தாங்க?"

சின்னவன் தலையைச் சொறிந்தான். "வைர வியாபாரி."

"அவர் பட்டறைக்கு எப்ப வந்தவரு?"

"அண்ணனுக்குக் கல்யாணமான வருஷம்."

"அவருக்கு அப்புறம் பட்டறைக்கு ஆளே வரலையா? அகர வரிசையில கடைசியா நின்னா, வந்ததுலயும் அவர்தான் கடைசியா? அந்த நம்பரையே புது அச்சு அடியிலயும் கீறி வச்சிருக்கீங்களே, உங்களுக்கு எத்தன கையி, எனக்கு எத்தன கையி, இத யாரு இப்ப..." வாக்கியத்தை முடிக்க அவளுக்கு மூச்சுப் பற்றவில்லை.

"அவன் சின்ன வயசுலேயே அப்படித்தான்" என்றார் மாமா. "வரிசையில நிக்கச் சொன்னா, எந்தப் பக்கம் முடியுதுன்னு தெரியாம முன்னாடி போய் நிப்பான்."

"அப்பா, நீங்க வேற."

புது ஆட்களுக்கெல்லாம், இருப்பதிலேயே பெரிய எண்ணுக்கு மேலாக வேறு எண்கள் கொடுத்தாள். பாலிஷ்காரரைக் கூப்பிட்டு, புது அச்சுகளின் அடியில் பழையதைத் தேய்த்துவிட்டுப் புதிதைக் கீறச் சொன்னாள். அவர் எதுவும் பேசாமல் எடுத்துக்கொண்டு போனார். அவருடைய முதுகே நிறையப் பேசியது.

மறுபடி சேமிக்கச் சொன்னாள். மறுபடி மாட்டேன் என்றது. இந்தத் தடவை வேறு காரணம். ஒரு வரியில் எண்ணே இல்லையாம்.

ஒரே ஒரு வரி. அது எந்த வரி என்று அவள் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

*

வெளியே ஹாரன் அடித்தது. லாரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"சாக்கு எங்கம்மா?"

"இன்னிக்கு இல்ல."

"இல்லயா? பெரியவர் அத்தனையையும் மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரே!"

"அதெல்லாம் சொந்தக்காரங்க" என்றார் மாமா, பொக்கை வாயை நன்றாகத் திறந்து. லாரிக்காரர் அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

கடைசிச் சாக்கும் முடிந்தது. உடைந்த முன்பல் அதில் எதிலும் இல்லை. தாடையில்லாத பிளாஸ்டர் துண்டுகளைக்கூட மாமா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கையிலிருந்த மாவை வேட்டியில் துடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா இருப்பது அவருக்குப் பழக்கமில்லை.

"நேத்து எடுத்தது இவ்வளவுதானா தம்பி?"

"இவ்வளவுதான் அண்ணி."

டாக்டர் மறுபடி போன் செய்தார். பாட்டு டீச்சரின் சரியான அச்சு கிடைத்துவிட்டது, நாளைக்கு செட் வந்துவிடும் என்று அண்ணி சொன்னாள். அதுவரைக்கும் டீச்சர் என்ன செய்வார் என்று கேட்டார் டாக்டர். அண்ணிக்கு வாய்வரை ஒரு பதில் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது சின்னவன் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து அந்த ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தான். வரி முழுவதும் நீலமாகத் தெரிந்தது.

"அண்ணி, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. இந்த ஒரு வரியாலதான் எல்லாம் நிக்குது. இத மட்டும் எடுத்துட்டா அது ஒத்துக்கும். வேலை முடிஞ்சிடும். வேலைக்கு எப்படியும் இந்த வரி இனிமே..."

"எந்திரி."

"அண்ணி?"

"எந்திரிடா அங்கேருந்து!"

மாமா நிமிர்ந்து பார்த்தார். பாலிஷ் இயந்திரத்தின் சத்தம் உள்ளே நின்றது. இத்தனை வருஷத்தில் அவள் சின்னவனை ஒருமையில் அழைத்தது இதுதான் முதல் தடவை.

"ஒரு வாரமா நீ தொட்டதெல்லாம் இப்படித்தான். அது கேட்டுச்சு, நான் சரின்னேன். அது போடல, நானே போட்டேன். இப்ப அது ஒத்துக்கலையா, ஆளையே எடுத்துடு! கம்ப்யூட்டருக்கு வசதியா இருக்கணும்னா இன்னும் யாரையெல்லாம் எடுக்கணும்? என்னையும் எடுத்துடு. எனக்கும் இங்க நம்பர் கிடையாது!"

சின்னவன் எழுந்து சுவரோரம் போய் நின்றான். பிறகு அவன் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"அந்த நம்பர நான்தான் அழிச்சேன்."

"என்ன?"

"கழிக்கிற சீட்டு அடிக்கறதுக்கு முன்னாடி யாரெல்லாம் வர்றாங்கன்னு பாத்தேன். அதுல அண்ணன் பேரு வந்துச்சு. பத்து வருஷம் தாண்டிடுச்சு, இப்ப வர்றதில்ல, அதனால கழிக்கணுமாம். எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல அண்ணி. நம்பர் இல்லன்னா சீட்டு வராதுன்னு நெனச்சேன்."

"வரலையா?"

"வந்துச்சு. அதுக்குத்தான் புதுசா ஒரு நம்பர் இருந்துச்சே. அந்தச் சீட்ட மட்டும் கிழிச்சுப் போட்டேன்."

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபம் போய்விடவில்லை. ஆனால் அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"என்ன நம்பர் அழிச்சீங்கன்னு ஞாபகம் இருக்கா?" மரியாதை திரும்பி வந்துவிட்டது.

"அழிக்கறப்ப கண்ண மூடிக்கிட்டேன்."

மாமா மூக்கைச் சிந்தினார். சிரிப்பா வேறெதுவுமா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம்.

*

சாக்கில் இல்லையென்றால் அலமாரியில் இருக்கிறது. அதுவரை சந்தோஷம். ஆனால் அலமாரி மூன்று சுவரை அடைத்துக்கொண்டு கூரை வரை போகிறது. அச்சின் அடியில் எண் உண்டு, பெயர் கிடையாது. நாளெல்லாம் நடந்த கூத்தில் கிடைத்த ஒரே புத்தியை அண்ணி இப்போது பயன்படுத்தினாள்.

"தம்பி, அலமாரியில இருக்கற ஒவ்வொரு அச்சுக்கும் டேபிள்ல ஒரு வரி இருக்கணும் இல்லையா?"

"ஆமா."

"எந்த அச்சோட நம்பர் டேபிள்ல இல்லையோ, அதுதான் நீங்க அழிச்சது. நான் நம்பர் சொல்றேன். நீங்க இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. வேற எதையும் தொடாதீங்க."

முதல் வருஷத்து அச்சுகள் மேல் வரிசையில் மூலையில் இருந்தன. வருஷா வருஷம் கழித்தது போக அங்கே அதிகம் மிச்சமில்லை. அவள் ஏணியில் ஏறினாள். மாமா ஏணியைப் பிடித்துக்கொண்டார். சைக்கிளை விட்டதுபோல விட்டுவிடாதீர்கள் என்று அவள் சொல்லாததற்கு அவர் நன்றியோடு இருந்தார்.

"அம்பத்திரண்டு."

"இருக்கு."

"அறுபத்தேழு."

"இருக்கு."

"எழுபது. எழுபத்தி நாலு."

"ரெண்டும் இருக்கு."

தூசி கண்ணில் விழுந்தது. கவிழ்த்துப் பார்த்து, எண்ணைச் சொல்லி, மறுபடி வைத்து, அடுத்ததை எடுத்தாள். ஒன்றின் முகத்தையும் அவள் பார்க்கவில்லை. பார்த்தால் கை நின்றுவிடும் என்று பயமாக இருந்தது.

"தொண்ணூத்தி மூணு."

கீழே கீபோர்டுச் சத்தம் நின்றது.

"தம்பி, தொண்ணூத்தி மூணு."

"இல்ல" என்றான் சின்னவன். குரல் மாறியிருந்தது.

அண்ணி அதை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அவள் கணவருடையது இல்லை. சின்ன வாய். பெண்ணுடையது, இளம் வயது. மேல் வரிசையில் கோரைப்பல் கொஞ்சம் தூக்கலாக, அழகாக இருந்தது. வரிசையில் ஒரு பல்லும் குறையவில்லை. இந்த வாய்க்குப் பல் பட்டறையில் ஒரு வேலையும் இருந்திருக்க முடியாது. ஆனாலும் இதையும் அவள் கணவர் வருஷா வருஷம் கழிக்காமல் விட்டு வைத்திருந்தார்.

"இது யாருது?"

"அது... பழசு அண்ணி. அத விடுங்க. கீழ போட்டுடுங்க."

அவள் கீழே போடவில்லை. மேலங்கியின் பையில் வைத்துக்கொண்டாள்.

"நூத்தி ஒண்ணு."

"இருக்கு."

"நூத்தி ஆறு."

"இருக்கு."

அடுத்ததை எடுத்தபோதே கட்டைவிரல் போய் முன்பல்லில் நின்றது. பல்லின் மூலை இல்லை. விரல் அந்தச் சரிவில் இறங்கி ஏறியது. அவள் கவிழ்த்துப் பார்த்தாள். அவர் கையெழுத்து. எண்ணைக் கீறும்போதுகூட ஒன்றுக்கு மேல் ஒரு கொக்கி போடுவார்.

"நூத்திப் பதினொண்ணு" என்றாள்.

"இல்ல அண்ணி. இல்ல, இல்ல! அதுதான்!"

மாமா ஏணியிலிருந்து கையை எடுத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். அவள் ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அச்சை அவரிடம் இறக்கினாள். மேலும் கீழுமாகச் சேர்த்துக் கட்டியிருந்த அந்தப் பற்களை அவர் வெகுநேரம் பார்த்தார்.

"பேசாம இருக்கான் பாரு" என்றார். "நான் பாக்க இவன் இவ்வளவு நேரம் பேசாம இருந்ததில்ல."

அண்ணி இறங்கி வந்து கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தாள். காலிக் கட்டத்தில் நூற்றுப் பதினொன்று என்று அடித்தாள். அச்சு எண்ணைத் தேர்ந்தெடுத்து, பிரைமரி கீ ஆக்கி, சேமிக்கச் சொன்னாள். இந்தத் தடவை எந்தக் கட்டமும் எழும்பி வரவில்லை, எந்தக் கேள்வியும் இல்லை. அகர வரிசைக் கணக்கை அழித்தாள். வலது ஓரத்தில் கிடந்த அச்சு எண்ணை முதல் கட்டத்துக்குக் கொண்டுவந்தாள். கழிக்கிற பட்டியலில் கணவர் வராதபடி, கடைசியாக வந்த தேதியில் இன்றைய தேதியைப் போட்டாள். பொய் ஒன்றுமில்லை. வந்துதானே இருக்கிறார்.

ஒரு சீட்டு அடித்துப் பார்த்தாள். பாட்டு டீச்சர். சரியான எண். அவளுக்கு அழ வேண்டும்போல இருந்தது, அதற்கும் எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டி, நேற்று இருந்த இடத்துக்குக்கூட வரவில்லை, போன வாரம் இருந்த இடத்துக்கு வந்திருக்கிறாள்.

பிறகு மேலங்கிப் பையிலிருந்ததை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

சின்னவன் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"நில்லுங்க தம்பி. அலமாரியில அச்சு இருந்தா டேபிள்ல வரி இருக்கணும். இதுக்கு வரி இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு."

"உங்க அண்ணன் எழுதினதா?"

தலையாட்டினான்.

"அவர் வரியில நம்பர மட்டும் அழிச்சீங்க. இதுல வரியையே எடுத்துட்டீங்க."

"அண்ணன் எனக்காகத்தான் அத வச்சிருந்தாரு" என்றான் அவன். காது மடல் சிவந்திருந்தது. முப்பத்தைந்து தாண்டியவன் காது அப்படிச் சிவந்து அவள் பார்த்ததில்லை. வீட்டில் கல்யாணப் பேச்சை யார் எடுத்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறவன் அவன்.

அவள் புது வரி ஒன்றைத் திறந்தாள். முதல் கட்டத்தில் தொண்ணூற்று மூன்று. அடுத்த கட்டத்தில் வந்து நின்றாள்.

"பேரு?"

"பேரு போட்டே ஆகணுமா அண்ணி?"

அண்ணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக அவளுக்கு அவன்மேல் கோபமாக இல்லை.

"வேண்டாம். நம்பர் இல்லாட்டித்தான் விடாது. பேரு இல்லாட்டி விடும்."

பெயர்க் கட்டத்தைக் காலியாகவே விட்டுச் சேமித்தாள். கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டது.

மாமா மகனை மடியில் வைத்தபடியே, மேஜைமேல் இருந்த சின்ன வாயை எட்டிப் பார்த்தார்.

"யாருடா அது?" என்றார்.